வில்மர் நிறுத்தாத வண்டி

வில்மர் ட்ரூயிட் என்ற கோழிப்பண்ணைக்காரன் வீடு எது என்று கேட்டால் எங்கள் ஜார்ஜ்டவுனில் யோசிப்பார்கள். ஆளுநர் வண்டி ஓட்டுகிறவன் என்றால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும்.

அமெரிக்காவில் எங்கள் டெலவேர் மாநிலத்தில் ஆளுநர் தேர்தல் முடிந்த மூன்றாம் நாள், ஜெயித்தவரும் தோற்றவரும் ஒரே குதிரை வண்டியில் ஏறி நீதிமன்றத் திடலைச் சுற்றி வரவேண்டும். பிறகு ஒரு கோடரியை மணலில் புதைப்பார்கள். அதோடு பகை தீர்ந்தது. காலனிக் காலத்தில் எங்களுக்கென்று தனி ஆளுநர்கூடக் கிடையாது. பக்கத்துப் பென்சில்வேனியாவின் ஆளுநரையே பங்கு போட்டுக்கொண்டோம். இத்தனை சின்ன ஊரில் சண்டையை நீட்டினால் பிழைப்பு ஓடுமா? அன்றைக்கு முழு மாட்டைச் சுட்டு, ரொட்டிக்குள் வைத்து ஊருக்கே இலவசமாகக் கொடுப்போம். கறி அறுக்கிற கத்தி என் கையில் இருக்கும்.

நாலு வருஷத்துக்கு ஒன்றாக ஆறு ஆளுநர் தேர்தலுக்கு வில்மர் அந்த வண்டியை ஓட்டினான். முதல் தடவையே வாயால் கெட்டான். அவன் தம்பி ஆல்டன் தோற்றவருக்காக வீடு வீடாக அலைந்தவன். கண் சிவந்து ஓரமாக நின்றான். எங்கள் வண்டியில் தோற்றவர் பின்பக்கம் பார்த்து உட்காருவது வழக்கம்.

"ஏண்டா ஆல்டன், நீயும் ஏறிப் பின்னாடி பாத்து உக்காரு. தோக்கறது ஒனக்கு என்ன புதுசா?" என்று வில்மர் மேலிருந்து கத்தினான்.

ஆல்டனின் மனைவி அவனை விட்டுப் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஊரே சிரித்தது. வெட்கக்கேடு, நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு ஆல்டன் திடல் பக்கமே வரவில்லை. இருபது வருஷம் வில்மர் கடிவாளத்தைப் பிடித்தபடி கூட்டத்தில் தம்பியைத் தேடினான்.

"நாலு மைல்தானேய்யா, வீட்டுக்குப் போயேன்" என்பேன்.

"ஊருக்கு முன்னாடி சொன்னேன். ஊருக்கு முன்னாடிதான் மன்னிப்புக் கேக்கணும். அவன் இங்க வரட்டும், எறங்கிக் கையப் புடிச்சிடுவேன்."

வறட்டுப் பிடிவாதம். வேறென்ன சொல்ல?

ஆறாவது தடவை ஆல்டன் வந்தான். புற்றுநோய் தின்று போட்ட உடம்பு. மகள் லோர்னா தாங்கிப் பிடித்திருந்தாள். என் கறியடுப்புக்குப் பக்கத்தில் நின்று, வண்டி வந்ததும் கையை உயர்த்தினான்.

வில்மர் பார்த்துவிட்டான். பின்னால் புது ஆளுநர், அவருக்கு எதிரே தோற்றவர், அதற்கும் பின்னால் நாற்பது வண்டி. சுற்று முடித்துவிட்டு வரலாம் என்று நினைத்துக் குதிரையைத் தட்டினான்.

"பாத்துட்டும் போறான் பாரு. நான் இன்னும் தோத்தவன்தான்" என்றான் ஆல்டன். மகளோடு நடந்தான். என் முன்னால் நீண்ட வரிசை. கத்தியைப் போட்டுவிட்டு அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

வில்மர் ஓடி வந்தபோது இடம் காலி. குதிரைகளைக் கொட்டிலில் சேர்த்துவிட்டு, காலையில் போகலாம் என்று விட்டான். மறுநாள் ஒன்பது மணிக்குப் போய்க் கதவைத் தட்டினான்.

"அப்பா உசுரு விடியக்காலைல போயிடுச்சு பெரியப்பா" என்றாள் லோர்னா.

"என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னானா?"

திடலில் ஆல்டன் சொன்னதை அப்படியே சொன்னாள்.

அதோடு வில்மர் கடிவாளத்தைத் தொடவில்லை. அடுத்த ஊர்வலத்துக்கு நடந்தே வந்தான்.

"அவன் நின்ன எடம் இதானே?"

"இதான்" என்றேன்.

வண்டி வந்தது. வில்மர் கையை உயர்த்தினான். ஓட்டுகிறவன் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான். கடைசி வண்டி போகும்வரை வில்மர் கையை இறக்கவில்லை.