சோப்பு எலிகளுக்கு வீடு பார்த்த கதை

அறுப்புக்கூடத்தில் அவருக்குப் பெயர் சோப்பு. வெட்டுகிறவர்கள் காலை ஐந்து மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குக் கத்தியைக் கீழே வைப்பார்கள். அதற்குப் பிறகு கூடம் முழுக்க அவருடைய ராஜ்ஜியம். ரத்தம் உறைவதற்குள் தள்ளிவிட வேண்டும். கொழுப்பைச் சுடுதண்ணீர் ஊற்றி இளக்க வேண்டும். கடைசியில் பிளீச்சிங் பவுடர் தூவி, முரட்டுத் துடைப்பத்தால் தரையின் தோலை உரிக்கிற மாதிரி தேய்க்க வேண்டும். முப்பத்தொரு வருடமாக இதுதான் வேலை. "சோப்பு கழுவின தரையில சோறு போட்டுத் தின்னலாம்" என்பார்கள். யாரும் தின்றதில்லை.

அந்த முப்பத்தொரு வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் தவறினார். பதினான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை. நல்ல காய்ச்சல். மாடுகளை உள்ளே ஓட்டிவரும் சந்தின் கடைசி மூன்றடியைக் கழுவாமல் வீட்டுக்குப் போய்விட்டார். புதன்கிழமை முதலில் வந்த காளை அந்த மூன்றடியில் உறைந்திருந்த ரத்தத்தில் மூக்கை வைத்தது. திரும்ப இடமில்லாத சந்தில் திரும்பியது. பின்னால் நின்று ஓட்டியவர் சோப்புவின் சொந்த அண்ணன். காளை அவரைக் கம்பித் தடுப்போடு வைத்து நசுக்கியதில் இடுப்பெலும்பு மூன்று துண்டானது. அலறல் அடங்க இருபது நிமிடம் பிடித்தது.

அண்ணன் பிழைத்தார். ஊன்றுகோலோடு, உட்கார்ந்து கத்தி தீட்டுகிற வேலைக்கு மாறினார். இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். உள்ளறையில் அண்ணனும் அண்ணியும், முன்னறையில் சோப்பு. அண்ணன் திட்டாத நாள் இல்லை, தம்பி பதில் சொன்ன நாளும் இல்லை. அந்தப் புதன்கிழமையிலிருந்து, வாடை என்று ஒன்று எங்கே இருந்தாலும், அது தீரும்வரை சோப்புவுக்குச் சோறு இறங்காது.

இப்படிப்பட்டவர் கையில் மூன்று சுண்டெலிகள் வந்து சேர்ந்தன. கூடத்துக்கு வரும் இறைச்சி ஆய்வாளர் ஆசையாக வளர்த்து, மாற்றலாகிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனவை.

"ஒரே வயித்துப் பிள்ளைங்க, மூணும் ஆண். நல்ல இடமா பாத்து வையுங்க" என்றார் அவர்.

சோப்பு அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். முதலில் பழப்பெட்டி. ஒன்பது நாளில் மூலையைக் கொறித்து ஓட்டை போட்டன. பலகை மூத்திரத்தை உறிஞ்சிக்கொண்டது, எவ்வளவு கழுவியும் வாடை போகவில்லை. அடுத்தது மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி. கழுவச் சுலபம், ஆனால் காற்று ஓடாமல் மூன்றும் தும்மத் தொடங்கின. அதன்பின் குருவிக்கூண்டு. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே அரை அங்குலம். தலை நுழைந்தால் எலிக்கு உடம்பும் நுழையும். ஒன்று வெளியே வந்து, அண்ணியின் அரிசிப் பானைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

"தம்பி, எலிக்கு இத்தனை வீடு பாக்கறீங்க. உங்களுக்கு ஒரு பொண்ணு பாத்திருந்தா இந்நேரம் பேரனே வந்திருப்பான்" என்றாள் அண்ணி.

நான்காவதாக, மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டி. இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம். இரண்டு பக்கமும் அறுத்து, விரல் நுழையாத வலை அடித்தார். உள்ளே ஒளிந்துகொள்ள மூன்று தேங்காய்ச் சிரட்டை, கூடு கட்டக் கிழித்த காகிதம். குறை சொல்ல முடியாத வீடு. வெள்ளிக்கிழமை தோறும் அத்தனையையும் வெளியே கொட்டி, பிளீச்சிங் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, புதுக் காகிதம் போட்டார்.

மூன்றாம் வெள்ளிக்கிழமை, கழுவி வைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பெட்டிக்குள் கீச்சுக் கீச்சென்று சத்தம். போய்ப் பார்த்தபோது ஒன்று மற்றொன்றின் முதுகில் ஏறிப் பின்புறத்தைக் கடித்துக் குதறிக்கொண்டிருந்தது. மூன்றாவது, சிரட்டையோரம் வயிறு கிழிந்து கிடந்தது. புதுக் காகிதமெல்லாம் சிவப்பு.

"நம்ம வேலையை வீட்டுக்கே கொண்டாந்துட்டியா?" என்று அண்ணன் உள்ளிருந்து சிரித்தார்.

சோப்பு செத்ததைப் புதைத்தார். இடம் போதவில்லை என்று முடிவுகட்டி, இன்னொரு பெட்டியை அறுத்து இதோடு இணைத்து வீட்டை இரட்டிப்பாக்கினார். மிஞ்சிய இரண்டையாவது காப்பாற்ற வேண்டும். அவருக்கு அந்த வாரம் முழுக்க வேறு நினைப்பே இல்லை. ரத்த வாடை பட்டால் மிருகத்துக்கு வெறி பிடிக்கும் என்பது அவர் கண்ணால் கண்ட உண்மை. அதனால் அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு தரம் தேய்த்தார்.

அன்று நடந்த சண்டை முன்னதைவிட மூர்க்கம். இரண்டும் ஒரே பந்தாக உருண்டன. பிரித்துவிடக் கையை நுழைத்தார். ஒன்று அவர் கட்டைவிரலை எலும்புவரை கடித்துத் தொங்கியது. மற்றதற்கு ஒரு காது இல்லை, வாலில் பாதி இல்லை.

அண்ணன் வாசற்படியில் வந்து நின்றார். "உன் கை பட்ட இடமெல்லாம் சாவுதான்டா. எலியாவது பொழைக்கட்டும், சாக்கடையில விட்டுடு."

பதினான்கு வருடம் வாய் திறக்காத தம்பி எழுந்தார். கடிபட்ட கையாலேயே அண்ணன் முகத்தில் குத்தினார். அண்ணனின் ஊன்றுகோல் திரும்பி வந்து தம்பியின் வாயில் விழுந்தது. முன்பற்கள் இரண்டு தரையில். அண்ணன் சாய்ந்தார், சாய்ந்தபடியே தம்பியின் கழுத்தைப் பிடித்து இழுத்தார். இருவரும் புரண்டார்கள். ஒருவர் ரத்தம் மற்றவர் சட்டையில்.

அண்ணி கொதிக்கிற கஞ்சிப் பானையோடு வந்து நின்றாள். "கைய எடுக்கறீங்களா, ரெண்டு பேர் தலையிலயும் கவுக்கட்டுமா?"

கையை எடுத்தார்கள்.

"நாளெல்லாம் வீட்ல கிடந்து பாக்கறவ நான்தான். வியாழக்கிழமை வரைக்கும் ஒண்ணுமேல ஒண்ணு படுத்துத் தூங்குதுங்க. நீங்க கழுவற அன்னிக்குத்தான் தம்பி கொலை விழுது. மோந்து பாத்துத்தான் நம்மாளுன்னு அதுங்களுக்குத் தெரியும் போல. நீங்க அதையும் சேத்துக் கழுவி ஊத்திடறீங்க."

சோப்பு வாயைப் பொத்திக்கொண்டு பெட்டியையே பார்த்தார். பிளீச்சிங் வாடை தவிர அதில் ஒன்றுமில்லை. ஒன்றைச் சாகடித்தது யார் என்பதில் அவருக்குச் சந்தேகம் மிஞ்சவில்லை.

"இனிமே சேத்து வெச்சா ஒத்துப் போகுமா அண்ணி?"

"ருசி கண்டாச்சு. எலி வளையானாலும் தனி வளைன்னு சும்மாவா சொன்னாங்க?"

இணைப்பை அறுத்து மறுபடி இரண்டு பெட்டியாக்கினார். ஒரே அறையில் வைத்தால் வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று வலைக் கம்பியைக் கடித்தன. வேறு இடமில்லை. காதறுந்ததை உள்ளறையில் வைக்க வேண்டியதாயிற்று. அண்ணன் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்றாம் நாள் அதற்குக் கஞ்சிப் பருக்கை வைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வெள்ளிக்கிழமை கழிந்தது. சோப்பு வாளியோடு உள்ளறை வாசலுக்குப் போனார்.

"அங்கயே நில்லு" என்றார் அண்ணன்.

"நாறுது அண்ணே. ஓரத்தை மட்டும்..."

"நாறட்டும். உள்ள கால் வெச்சே, மிச்சமிருக்கற பல்லும் போயிடும்."

"ஈரக் காகிதத்தையாவது எடுத்துடுண்ணே. கூட்டைக் கலைக்காதே. அது அப்படியே இருக்கணும்."

"எனக்குத் தெரியும். போடா."

சோப்பு வாளித் தண்ணீரை முற்றத்தில் கொட்டினார். தன் பெட்டியிலும் மூலையில் நனைந்திருந்த காகிதத்தை மட்டும் கிள்ளி எடுத்தார். மூக்கில் ஏறியது வாடை. தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. பல் போன இடத்தில் படாமல், ஒரு பக்கமாக மென்று அதைத் தின்று முடித்தார்.