மாமா விசிலடித்த இரண்டாம் பகுதி

ஊசி இசைத்தட்டில் இறங்கியதும் முதலில் வருவது இசை இல்லை. அப்பளம் பொரிகிற சத்தம். கொஞ்ச நேரம் அது பொரிந்துகொண்டே இருக்கும்... அதற்குள்ளிருந்து வயலின்கள் எழுந்து வரும்.

கடலூர் செம்மண்டலத்தில் என் மாமனார் வீட்டு ஹால். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் இதுதான். எனக்குக் கல்யாணமான புதிது. வேலை சிதம்பரத்தில். வாரக் கடைசியில் நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் கடலூர் பஸ் ஏறிவிடுவோம்.

சினிமாப் பாட்டைத் தவிர வேறெதுவும் அறியாத ஆள் நான். மாமாவோ ஒரே ஒரு சிம்பொனியை வைத்துக்கொண்டு காலம் தள்ளியவர். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன்காரர் ஒருவர் எழுதியது, நாலு பகுதி. பழைய ஆர்க்கெஸ்ட்ரா ஒன்று வாசித்து, ஒரு கட்டுத் தட்டுகளில் வந்தது. ஒரு பக்கம் நாலு நிமிஷம்தான் ஓடும். அப்புறம் எழுந்துபோய்த் திருப்பிப் போட வேண்டும்.

நெய்வேலியில் வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பிய ஒரு ஜெர்மன் இன்ஜினியரிடம் மாமா அதை வாங்கியிருக்கிறார். அப்போது அவருக்கே கல்யாணம் ஆகவில்லை. அந்த மனிதர் முழுசையும் ஒரு தடவை போட்டுக் காட்டித்தான் கொடுத்தாராம். கட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தால், வடலூர் தாண்டி ஒரு பள்ளத்தில் பஸ் எகிற, ஒரு தட்டு இரண்டாகப் பிளந்துவிட்டது. அதுவும் எது? இரண்டாம் பகுதி இருந்த தட்டு. மெதுவாகப் போய் ஆளை உருக்குகிற பகுதி.

மாமா அசரவில்லை. முதல் பகுதி முடிந்ததும் பிளேயரை நிறுத்திவிட்டு, பக்கத்திலேயே நின்று, ஒரே ஒரு தடவை கேட்ட அந்த இரண்டாம் பகுதியை விசிலடிப்பார். முடித்ததும் மூன்றாம் பகுதித் தட்டைப் போடுவார். முதல் ஞாயிறு போனபோது, வெள்ளைக்கார சங்கீதத்தில் இப்படி ஒரு முறை இருக்கும் போல என்று நானும் பயபக்தியோடு உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லா அதைச் சொல்லிச் சொல்லி இன்றுவரை சிரிக்கிறாள்.

என் மச்சான் அருள்தான் சீண்டிக்கொண்டே இருப்பான். அது ஏதோ சர்ச் பாட்டு, அப்பா ஜவ்வாக இழுக்கிறார் என்பான். மாமா சிரித்துக்கொள்வார். ஆனால் அவருக்கே உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் உண்டு. இத்தனை வருஷமாக நான் காப்பாற்றி வைத்திருப்பது நிஜமா, நானே கட்டியதா என்று ஒருநாள் என்னிடமே கேட்டார்.

அப்புறம் அருள் சிங்கப்பூர் போனான். முதல் லீவில் வந்தவன் பெட்டியிலிருந்து மூன்று சிடி எடுத்து டீப்பாயில் வைத்தான். அதே சிம்பொனி, அதே ஆர்க்கெஸ்ட்ரா, அதே பழைய ரெக்கார்டிங். மூன்று கம்பெனிகள் தனித்தனியாகச் சத்தத்தைச் சுத்தம் செய்து ரீமாஸ்டர் செய்தவை. மூன்றிலும் இரண்டாம் பகுதி இருந்தது.

உடனே இரண்டாம் பகுதியைப் போடு என்று நானும் ஸ்டெல்லாவும் குதித்தோம். மாமா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரு மாப்ள. இத்தன வருஷம் கழிச்சி கேக்கப்போறேன். அந்த மொத தடவ ஒருக்காதான் வரும். மூணுல எது உண்மையா பேசுதுன்னு பாத்துட்டு, அதுலதான் கேப்பேன்."

அவ்வளவுதான்... ஹால் கோர்ட்டாகிவிட்டது. மூன்றிலும் முதல் பகுதி மட்டும். அடுப்பில் மீன் குழம்பைச் சிம்மில் வைத்துவிட்டு அத்தையும் வந்து உட்கார்ந்தார்.

முதல் சிடியில் பொரிகிற சத்தமே இல்லை. துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. இதுதான் பெஸ்ட் என்று அருள் தீர்ப்பே எழுதிவிட்டான். பொரியலை வழிக்கிறேன் என்று வயலினின் மேல்சத்தத்தையும் சேர்த்து வழித்துவிட்டார்கள் என்றார் மாமா. தட்டைப் போட்டுக் காட்டினார். ஆமாம், வயலின்களுக்கு ஜலதோஷம் பிடித்தது போலத்தான் இருந்தது.

இரண்டாவதில் எக்கோ சேர்த்திருந்தார்கள். கல்யாண மண்டபக் கச்சேரி. ஒருமனதாகத் தள்ளுபடி.

மூன்றாவது... லேசாகப் பொரிந்தது. ஆனால் அடியில் பெரிய பாஸ் வயலின்கள் உறுமின பாருங்கள், எனக்குக் கை மயிர் சிலிர்த்து நின்றுவிட்டது. இத்தனை ஞாயிறு கேட்டும் அப்படி ஒன்று உள்ளே இருப்பதே எங்களுக்குத் தெரியாது. தட்டைத் திருப்ப வேண்டிய இடம் வந்ததும் மாமா பழக்கத்தில் எழுந்துவிட்டார். இசை நிற்கவே இல்லை. ஒட்டுப் போட்ட இடம் தெரியாமல் ஓடியது. மாமா நின்றபடியே சிரித்தார். இதற்கு யார் ஓட்டு என்று கை தூக்கச் சொன்னோம். அருள்கூடத் தூக்கினான்.

இப்போது இரண்டாம் பகுதி.

கனத்த குரல் செல்லோக்கள் ஆரம்பித்தன... மாமாவின் விசிலேதான். அதே ராகம், அதே மூச்சு. அருள் எழுந்துபோய் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பாதி தூரம் அப்படியே போனது. அதன் பிறகு மாமாவின் விசில் இறங்குகிற இடத்தில் ஆர்க்கெஸ்ட்ரா ஏறியது. மேலே, இன்னும் மேலே.

முடிந்தது. மாமாதான் சொன்னார்.

"பாதி சரியாதான் வச்சிருந்தேன். மீதி நானா போட்டுக்கிட்டது போலருக்கு."

அத்தை அதுவரை சங்கீதத்தைப் பற்றி வாயே திறந்ததில்லை. குழம்பைப் பார்க்க எழுந்தவர் சொன்னார்.

"நம்ம வூட்டுதுதான் நல்லாருக்கு. அது எதுக்கு அங்க போயி ஏறுது?"

மாமா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அவர் இப்போது இல்லை. போன வாரம் அருள் ஒரு லிங்க் அனுப்பினான். அதே ரெக்கார்டிங்கை யாரோ புதிதாகச் சுத்தம் செய்திருக்கிறார்கள். சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் ரயிலில் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். அடேயப்பா... பாஸ், ஓபோக் குழல், வாசிப்பவர்கள் மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது. அன்றைக்கு இது வந்திருந்தால் மூன்று சிடியையும் ஓரம் கட்டியிருப்பார் மாமா. உடனே அருளுக்கு மெசேஜ் அடித்தேன், இதுதான் ஜெயித்தது என்று.

அடித்து முடிப்பதற்குள் இரண்டாம் பகுதி வந்துவிட்டது. அந்த இடத்தில் ஆர்க்கெஸ்ட்ரா அழகாக ஏறிப் போனது. எதிர் சீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. நான் சத்தமாக விசிலடித்துக்கொண்டிருந்தேன்... மாமா மாதிரியே இறங்கி.