பின்சீட்டில் குழம்புச் சட்டி

என் ஜீப்பைப் பிடுங்கிக்கொண்டதற்காக என் புருஷனை நான் மன்னிக்கவே இல்லை. அது அப்பா எனக்குக் கல்யாணத்துக்குக் கொடுத்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர், பழைய பட்டாளத்து ஜீப் ஒன்றை வாங்கி, லாஸ்பேட்டைப் பொட்டலில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். தாலி ஏறிய மறுநாளே சாவி இவர் இடுப்புக்குப் போய்விட்டது.

"பொம்பள ஓட்ட, நான் குந்திக்கினு போவணுமா? ஊரே சிரிக்கும்டி."

இருக்கட்டும், உன்னைப் பார்த்துச் சிரிக்க வைக்கிறேன் என்று கறுவிக்கொண்டேன்.

பிரெஞ்சுக்காரன் போய், எல்லைச் சாவடிகளும் போய்விட்ட புதிது. கல்வராயன் மலையில் அருவி பார்க்க இரண்டு சிநேகிதர்களோடு கிளம்பினார். ஒருவர் முன்னால் அவர் பக்கத்தில். இன்னொருவரோடு நான் பின்னால், மடியில் கோழிக் குழம்புச் சட்டி. காட்டுத் தடத்தில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் குழம்பு என் புடவையில் ஊற்றியது.

ஓடைச் சேற்றில் வண்டி மாட்டியது. பெரிய கியருக்குப் பக்கத்தில் இரண்டு குட்டிக் கம்பிகள் உண்டு. அவற்றைப் போட்டால் முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். இவர் அவற்றைத் தொட்டதே இல்லை. நான் சொல்லவும் இல்லை. சொல்வேனா?

"தள்ளுடி! சோறு திங்கல?"

தள்ளினேன். சக்கரம் சுழன்று என் முகமெல்லாம் சேற்றை வாரி அடித்தது. உள்ளே உட்கார்ந்து அவர் சிரித்தார்.

"நீங்க எறங்குங்க, நான் எடுக்கறேன்" என்றேன்.

"எடு பாக்கலாம்! எடுத்துட்டா வூடு போற வரைக்கும் நீயே ஓட்டு."

மூவரும் இறங்கினார்கள். நான் ஏறிக் கம்பிகளைப் போட்டேன். வண்டி எருமை மாதிரி நிதானமாக எழுந்து கரையேறியது. மூவரும் கத்திக்கொண்டே ஓடிவந்தார்கள். நிறுத்தவில்லை. அருவி வரைக்கும் நடக்கட்டும்!

அவர்கள் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது கறித்துண்டையெல்லாம் நான் தின்று முடித்திருந்தேன். மிச்சம் வெறும் குழம்புதான். அதை யாரும் தொடவில்லை. இவர் சாவிக்குக் கை நீட்டினார்.

"வூடு வரைக்கும் நானேன்னு சொன்னீங்களே?"

"ஆமாம்பா, சொன்ன" என்றபடி ஒரு சிநேகிதர் என் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். பின்சீட்டில் என் இடம்தான் பாக்கி. சட்டியும் அங்கேதான் இருந்தது.

சாயங்காலம் பெரிய மார்க்கெட்டில் ஜே ஜே என்று கூட்டம். வீட்டுக்கு வேறு வழி இருந்தது. நான் மார்க்கெட் வழியாகவே போனேன். பூக்காரிகள் முதலில் என்னைப் பார்த்தார்கள், பிறகு பின்னால் வெள்ளைக் கால்சட்டையெல்லாம் குழம்போடு சட்டியைக் கட்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்தார்கள்.

"சீக்கிரம் போடி" என்று பல்லைக் கடித்தார்.

வண்டியை இன்னும் மெதுவாக்கி, ஹாரனை அழுத்தினேன்.