கன்னத்தளவு காற்று

வேலம்பாளையத்தில் நான் நடத்தும் பனியன் கம்பெனியிலிருந்து சொன்ன தேதிக்கு முன்னால் எதுவும் வெளியே போனதாகச் சரித்திரம் இல்லை. என் பேத்தி மட்டும் ஒன்றரை மாதம் முன்னதாகவே வந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தபோது இரண்டு தடவை மூச்சு விட மறந்தாள். நர்ஸ் உள்ளங்காலைச் சுண்டியதும் ஞாபகம் வந்தவள்போல விட்டுக்கொண்டாள். அதனால் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: வீட்டில் இரண்டு பேருக்காவது குழந்தைக்கு மூச்சு கொடுக்கத் தெரிந்தால்தான் அனுப்புவாராம். என் மகள் ஒரே நாளில் தேறிவிட்டாள். மருமகன் வெளிநாட்டில். என் மனைவியோ பயிற்சிப் பொம்மையைப் பார்த்தாலே அழுகிறாள். மிச்சம் நான்.

நர்ஸம்மா திருநெல்வேலிக்காரர். ரப்பர்க் குழந்தையை மேசையில் கிடத்தினார்.

"தலை நேரா இருக்கணும், ரொம்ப அண்ணாந்துரக் கூடாது. உங்க வாயால பிள்ளை வாயையும் மூக்கையும் சேர்த்து மூடுங்க. லேசா ஊதுங்க. நெஞ்சு ஏறுதான்னு பாருங்க."

கேட்கும்போது எல்லாம் புரிந்தது. குனிந்ததும் எல்லாம் பறந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஊதினேன். முப்பது வருடமாகத் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் அடைந்த பஞ்சை ஊதித் தள்ளிய வாய் இது. அதற்கு ஒரே வேகம்தான் தெரியும்.

"ஐயா, பிள்ளைக்கு மூச்சு கொடுக்கீயளா, லாரி டயருக்குக் காத்து அடிக்கீயளா? இம்புட்டுக் காத்து வயித்துக்குள்ள போனா பிள்ளை கக்கிரும்."

அடுத்த தடவை பயத்தில் பொம்மையின் மூக்கை விட்டுவிட்டு வாயை மட்டும் மூடினேன். ஊதியதெல்லாம் என் மீசைக்கே திரும்பி வந்தது.

"சரி, நாளைக்குப் பார்ப்போம்" என்றார் நர்ஸம்மா.

நாளைக்கு என்றால் பேத்திக்கு இன்னொரு நாள் பெட்டி. இருபது நாளாகக் கண்ணாடி வழியாகவே பிள்ளையைக் கொஞ்சிய என் மகள் பொம்மையை மறுபடி என் பக்கம் நகர்த்தினாள். பிறகு பக்கத்தில் வந்தாள்.

"ஏனுங்கப்பா, துணி எடை போடறப்ப தராசு முன்னாடி எப்படி மூச்சு விடுவீங்க?"

துணியில் வட்டமாக ஒரு துண்டு வெட்டிச் சின்னத் தராசில் வைப்போம். மூச்சு பட்டாலே ரீடிங் எண் ஆடும். பள்ளி விடுமுறையில் கம்பெனிக்கு வந்தவள் அதன் பக்கத்தில் தும்மியதற்காக நான் கத்தியிருக்கிறேன்.

"அந்த நம்பர் லேசா ஆடற அளவு போதுங்கப்பா. கன்னத்துல இருக்கற காத்து மட்டும்."

கன்னத்தில் கொஞ்சம் காற்றை வைத்துக்கொண்டு, வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி, மெல்ல விட்டேன். ரப்பர் நெஞ்சு அழகாக ஏறி இறங்கியது. இன்னொரு தடவை. மறுபடியும் ஏறியது.

"இத முதல்லயே செய்யுறதுக்கு என்ன?" என்றார் நர்ஸம்மா. பிறகு இரண்டு விரலால் நெஞ்சை அமுக்குவதையும் செய்ய வைத்துப் பார்த்துவிட்டுத்தான் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மத்தியானம். தொட்டிலில் பிள்ளை அசையவே இல்லை. எனக்கு வேர்த்துவிட்டது. கற்றதெல்லாம் மறந்து, ஆஸ்பத்திரியில் நர்ஸ் செய்தது மட்டும் நினைவில் நின்றது: உள்ளங்காலைச் சுண்டு. சுண்டினேன். பயத்தில் கொஞ்சம் பலமாகவே.

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மகள் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள்.

"அப்பா, இப்பத்தானுங்க தூங்க வெச்சேன்."

"தெரியும் கண்ணு" என்றேன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. "சும்மா ரீடிங் பார்த்தேன்."