இரண்டாம் மாதச் சம்பளம்

கல்யாணமான பிறகு என் மனைவி தான் வாங்கிய முதல் சம்பளத்தைச் சுவாமி படத்தின் முன் வைத்து எடுத்து என் கையில் கொடுத்தாள். எங்கள் வீடுகளில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. இரண்டாம் மாதச் சம்பளத்துக்கு எந்த வழக்கமும் கிடையாது. அவள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே நான் கை நீட்டினேன். ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு கொடுத்தாள். எண்பதை நெருங்கும் இந்த வயதில் யோசித்தால், தவறு தொடங்கியது அங்கேதான் என்று தெரிகிறது.

அவள் பள்ளியில் பூகோள ஆசிரியை. நான் அரசு அலுவலகம் ஒன்றில் தணிக்கைப் பிரிவில் இருந்தேன். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. மலையாளம் பேசும் ஊரில், பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் சொந்த வீடு. பணம் கையில் இருந்தால் யார் முகத்தையும் பார்த்து நிற்க வேண்டாம் என்று அடிக்கடி சொல்வேன். என் அப்பா பலர் முகத்தைப் பார்த்து நின்றவர். அதனால் அதை மனதார நம்பினேன். ரவிக்கைத் துணிக்கும், தோழி வீட்டுக் கல்யாணத்தில் கொடுக்க வேண்டிய மொய்க்கும் அவள் என் முகத்தைப் பார்த்து நின்றது எனக்கு உறைக்கவே இல்லை. கேட்டதை நான் மறுத்ததில்லை. அதையே என் பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன்.

அவளும் ஓய்வு பெற்றபின் பென்ஷன் வங்கிக்கு வந்தது. ஏ.டி.எம். அட்டை வேண்டாம் என்று கடிதம் எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தவன் நான்தான். புதுச் செக் புத்தகம் வந்தால் சாப்பாட்டு மேஜையில் வைப்பேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாத் தாள்களிலும் ஒரே இருப்பில் கையெழுத்திட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். தேதியும் தொகையும் பிற்பாடு நான் எழுதிக்கொள்வேன்.

மூன்று வருடம் முன்பு ஒரு செக்கை வங்கியில் வாங்க மறுத்தார்கள். அவள் வலது கையில் நடுக்கம் வந்திருந்தது. கையெழுத்து ஒத்துப்போகவில்லை, டீச்சரே நேரில் வரட்டும் என்று கவுண்டரில் இருந்த பெண் மலையாளத்தில் சொன்னாள். மறுநாள் எனக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. அவளைத் தனியாக அனுப்பினேன்.

காலை பத்து மணிக்குப் போனவள் நாலு மணிக்குத் திரும்பினாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. புடவைக் கரையில் மணல் ஒட்டியிருந்தது. நான் கேட்ட முதல் கேள்வியை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

“யாரைக் கேட்டுண்டு போனே?”

“யாரைக் கேக்கணும்? விழிஞ்ஞம் பஸ் நின்னுண்டிருந்தது, ஏறிட்டேன்.” அவள் மின்விசிறியின் கீழே உட்கார்ந்தாள். “முப்பது வருஷம் துறைமுகப் பாடம் எடுத்தேன், ஒரு கப்பலைப் பக்கத்திலே பார்த்ததில்லே. இன்னிக்குப் பார்த்தேன். நம்ம தெருவை அப்படியே தூக்கி அதிலே வெச்சுடலாம். நீங்க ஒரு மூலையிலே பேப்பர் படிச்சுண்டு இருப்பேள்.”

திரும்பும் வழியில் தம்பானூர் பஸ் நிலையத்தில் இறங்கி, ஒரு ஹோட்டலில் தனியாக உட்கார்ந்து நெய்ரோஸ்ட் தோசை சாப்பிட்டாளாம். ஒரு ஆளா என்று சர்வர் இரண்டு தடவை கேட்டதைச் சொல்லிச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. நானும் கூடச் சிரித்திருக்கலாம். கப்பல் என்ன நிறம் என்றாவது கேட்டிருக்கலாம். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை என்பது மட்டுமே என் கண்ணில் பட்டது. சர்க்கரை வியாதியை வைத்துக்கொண்டு வெயிலில் அலைவதா என்று அரைமணி நேரம் பேசினேன்.

இனிமேல் மாதாமாதம் தானே வங்கிக்குப் போவதாக அவள் சொன்னாள்.

“எதுக்கு அலையணும்? நான் இருக்கேனே,” என்றேன்.

அடுத்து நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரங்களில், பழைய செய்தித்தாள் ஓரங்களில் அவளுடைய கையெழுத்தை எழுதிப் பழகினேன். நடுக்கம் வருவதற்கு முந்தைய கையெழுத்தை. பிறருடைய கையெழுத்துகளைச் சரிபார்த்தே சம்பளம் வாங்கியவன் நான். எந்த வளைவில் ஆள் மாட்டிக்கொள்வான் என்பது எனக்குத் தெரியும். மூன்று மாதம் அப்படியே பணம் எடுத்தேன். அவளுக்காக அலைகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

நாலாவது மாதம் அவள் என்னிடம் சொல்லாமல் வங்கிக்குப் போனாள். பணம் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்றார்கள். செக்கைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தவள் சத்தம் போடவில்லை. “கையெழுத்து நன்னாத்தான் இருக்கு. என்னோடதைக் காட்டிலும் நன்னாருக்கு,” என்றாள். “என்னோடதுதான்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிட்டேன். இந்த வயசிலே உங்களுக்கு ஜெயிலுக்குச் சாப்பாடு கொண்டுபோக என்னாலே முடியாது.”

மன்னித்துவிடு என்று அப்போது கேட்டிருக்க வேண்டும். உன் பணம் ஒரு ரூபாய்கூட எங்கேயும் போகவில்லை, எல்லாம் நம் இரண்டு பேர் பெயரிலும்தான் இருக்கிறது என்று விளக்கம் சொன்னேன். அது உண்மைதான். “சாரமில்லே, போட்டும்,” என்றாள். பரவாயில்லை என்பதற்கு இந்த ஊரில் எல்லோரும் சொல்லும் வார்த்தை. நான் அதை நம்பினேன்.

இரண்டு வாரம் கழித்து, கிள்ளிப்பாலம் பக்கத்தில் ஒரு மாடி அறைக்கு அவள் குடிபோனாள். புடவைகளையும் புத்தகங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டாள். எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் இருபது நிமிடம்கூட ஆகாது. அந்த இருபது நிமிடத்தை நடக்க எனக்கு எட்டு மாதம் பிடித்தது.

நான் போனபோது அவள் காப்பி போட்டுக் கொடுத்தாள். ஒரு கட்டில், இரண்டு நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே ஒரு பலாமரம். மெலிந்திருந்தாள், ஆனால் நன்றாக இருந்தாள். கீழ் வீட்டுப் பெண்ணோடு மலையாளத்தில் கேலி பேசிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன்.

“பென்ஷன், செக் புஸ்தகம் எல்லாம் இனிமே நீயே வெச்சுக்கோ. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். ஆத்துக்கு வந்துடு.”

“அதெல்லாம் இப்பவே எங்கிட்டதானே இருக்கு?” என்றாள். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே புரியாமல் கேட்பதுபோல இருந்தது.

அவளுடையதை அவளுக்கே கொடுக்க வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளுக்குக் கொடுக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை. காப்பி ஆறும்வரை இருவரும் பலாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எழுந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் வரலாமா என்று கேட்டேன்.

“வாங்கோ. ஆனா ஃபோன் பண்ணிக் கேட்டுண்டு வாங்கோ. சில நாள் நான் இருக்கமாட்டேன்.”

இப்போது அப்படித்தான் நடக்கிறது. வைப்புத்தொகை வட்டி ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது. எதற்கும் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. மெஸ்ஸிலிருந்து ஒரு வேளைச் சாப்பாடு வருகிறது. அதை இரண்டு வேளைக்கு வைத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு, நாளைக்கு வரட்டுமா என்று கேட்கிறேன். போன வாரம், வேண்டாம், பழைய ஸ்கூல் டீச்சர்களோடு கன்னியாகுமரி போகிறேன் என்றாள். சரி என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் சொல்லி முடிக்கும்வரை அவள் போனை வைக்காமல் இருந்தாள்.