டச்சப்பில் வந்த முன்னேற்றம்

அந்த ஸ்டூடியோக்காரருக்கு வயது முப்பத்தெட்டு. முகத்தில் பரு வர ஆரம்பித்து இருபத்துமூன்று வருடம் ஆகிறது. மற்றவர்களுக்கு நாலைந்து வருடம் இருந்துவிட்டுக் கிளம்பிப் போகிற சனியன், இவர் முகத்தில் மட்டும் குடும்பம் குட்டியோடு குடியேறிவிட்டது. தாடையோரம் ஒன்று அடங்கினால் கன்னத்தில் இரண்டு கிளம்பும். போகிறதாவது சும்மா போகுமா? இடத்தை அடையாளம் வைத்த மாதிரி ஒரு கரும்புள்ளியைப் போட்டுவிட்டுத்தான் போகும்.

இதில் கூத்து என்னவென்றால், ஊரார் முகத்துப் பருவைத் துடைப்பதுதான் அவர் பிழைப்பே. பாஸ்போர்ட் படமோ வேலைக்கான படமோ, எடுத்த கையோடு கம்ப்யூட்டரில் ஏற்றி, மவுசை நாலு தட்டு தட்டினால் கன்னம் பளிச்சென்று ஆகிவிடும். டச்சப். பதினெட்டு வருடப் பழக்கம். வந்தவர்கள் படத்தைப் பார்த்துப் பூரித்துவிட்டு, அப்புறம் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்ப்பார்கள். பாவம், என்ன சொல்வதென்று தெரியாமல் மறுபடி படத்தையே பார்ப்பார்கள்.

அவரும் சும்மா இருக்கவில்லை. பற்பசை தடவினார், எரிந்தது. எலுமிச்சம்பழம் தேய்த்தார், உரிந்தது. அக்கா சொன்னாள் என்று மஞ்சளை அப்பிக்கொண்டு, சரியாகக் கழுவாமல் ஒரு கம்பெனி விழாவுக்குப் படமெடுக்கப் போனார். மூன்று பேர் தனித்தனியாக வந்து காமாலையா என்று விசாரித்தார்கள்.

கடைசியில் தபால் ஆபீசில் வேலை பார்க்கும் அவர் மனைவிதான், செருப்புக்கடை மாடியில் புதிதாக வந்திருந்த ஆயுர்வேத டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள் என்று கேட்டார்.

"பித்தம் ஏறிக் கெடக்கு. வறுத்தது பொரிச்சதக் கொறைங்க. ராத்திரில தயிர் வேணாம். முக்கியமா, கைய வெச்சு நோண்டாதீங்க" என்றார். வேம்பும் மஞ்சிட்டி வேரும் போட்ட கஷாயம் ஒரு பாட்டில், ரத்தசந்தனப் பூச்சு ஒரு டப்பா. "பரு அடங்கவே மூணு மாசம் ஆகும். கரும்புள்ளி அதுக்கும் மேல. எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன். கட்டி கட்டியா வலிச்சா தோல் டாக்டரத்தான் பாக்கணும். ஞாயித்துக்கிழம தோறும் ஜன்னல் வெளிச்சத்துல ஒரு படம் எடுத்து அனுப்புங்க, பாத்துச் சொல்றேன்."

படமெடுத்து அனுப்பு என்று ஒரு ஸ்டூடியோக்காரரிடம் சொன்னதுதான் அந்த அம்மாள் செய்த ஒரே தப்பு.

முதல் ஞாயிற்றுக்கிழமை வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் சரிசெய்தார். இரண்டாம் வாரம் மூக்கோரம் ஒன்று கண்ணை உறுத்தியது, தட்டிவிட்டார். சத்தியமாக ஏமாற்றும் எண்ணமே கிடையாது. வாசலில் செருப்பைக் கழற்றுவது போல, கை தானாகச் செய்தது. ஆறாம் வாரம் டாக்டரம்மாவிடமிருந்து பதில் வந்தது: "அருமை! நான் பார்த்ததிலேயே நல்ல முன்னேற்றம்."

ஒன்றாம் வகுப்புக்குப் பிறகு அவரை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை. மனுஷன் மிதந்தார். அந்தக் கசப்புக் கஷாயத்தையும் அன்றோடு நிறுத்தினார்.

"ஏங்க, பாட்டில் அப்படியே இருக்கு?" என்றாள் மனைவி.

"முன்னேற்றம் நல்லா இருக்காம்."

அவள் அவர் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "எங்க?"

அந்த வாரமே டாக்டரம்மா போனில் கூப்பிட்டார். "உங்க படத்த இங்க ஒரு பொண்ணுக்குக் காட்டலாமா? பரு வந்ததுலருந்து வெளிய போறதையே நிறுத்திட்டா. பாத்தா ஒரு நம்பிக்கை வரும்."

"தாராளமா காட்டுங்க டாக்டர்" என்றார் பெரிய மனசோடு. போனை வைத்த பிறகுதான் சுருக்கென்றது. கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம்தான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளிப்போட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் படத்தைத் துடைத்து அனுப்பினார். இப்போது கைப்பழக்கம் என்றுகூடச் சொல்லிக்கொள்ள முடியவில்லை, பச்சைப் பொய்.

இன்னும் ஆறு வாரம் போயிற்று. ஒரு மத்தியானம், துப்பட்டாவால் பாதி முகத்தை மூடிக்கொண்டு ஓர் இளம்பெண் ஸ்டூடியோவுக்குள் வந்தாள். ஆபீஸ் அடையாள அட்டைக்குப் படம் வேண்டும் என்றாள். அவரையே உற்றுப் பார்த்தாள்.

"அண்ணா, அந்த ஆயுர்வேத டாக்டர்கிட்ட உங்க தம்பி போறாரா? ஒரு படம் காட்டினாங்க. அப்படியே உங்க ஜாடை. அவருக்குச் சுத்தமா போயிடுச்சு."

இல்லாத தம்பி ஒருவன் தயாராக வந்து நின்றான். ஆமாம் என்று தலையாட்டினால் போதும், தப்பித்துவிடலாம்.

அவள் குரல் உடைந்தது. "அவருக்கு ஆறே வாரத்துல போச்சு. நானும் ஆறு வாரம் ஒரு வேளை தவறாம குடிச்சேன், சொன்னதெல்லாம் கேட்டேன். எனக்கு மட்டும் ஏண்ணா போகல? நான்தான் ஏதோ தப்பு பண்றேன் போல. திங்கக்கிழம வேலைல சேரணும். இந்த மூஞ்சியோட போக வேணாம்னு தோணுது."

"தம்பி கிம்பி யாரும் இல்லம்மா. அது நான்தான்" என்றார். "அந்த முகம் கம்ப்யூட்டர்ல பண்ணினது."

அவளுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் பொரிந்து தள்ளிவிட்டாள். "ஆறு வாரமா தெனம் கண்ணாடி முன்னாடி நின்னு என்னையே திட்டிக்கிட்டிருந்தேன்! உங்களுக்கு வெளையாட்டா?"

எல்லாவற்றையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். தொழில்காரர் எந்த அசல் படத்தையும் அழிப்பதில்லை. துடைக்காத பன்னிரண்டு படங்களையும் திரையில் வரிசையாகத் திறந்து, "இதான் நெஜம். நல்லாப் பாத்துக்கோ" என்றார். ஒரு ஈ எறும்புக்கும் காட்டாத படங்கள் அவை.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு குனிந்தவள், முதல் படத்திலும் ஆறாவது படத்திலும் விரல் வைத்து எண்ணினாள்.

"தாடைல ஏழு இருந்தது நாலாயிருக்கே. அதுக்கப்புறம் எடுத்த படத்துல ஏன் ஏறுது?"

"நிறுத்திட்டேன்."

"கொறஞ்சுக்கிட்டு வர்றப்பவா?"

அவர் திரையைப் பார்த்தார். ஏழு, நாலு. அவர் முகம்தான். ஒவ்வொரு வாரமும் திறந்தவுடன் துடைக்கத்தான் கண் போனதே தவிர, ஒரு நாளாவது நின்று பார்த்ததில்லை. உண்மையாகவே வந்த முன்னேற்றத்தையும் அவர் கையாலேயே துடைத்திருக்கிறார். தன்னைப் போல் ஒரு முட்டாள் இருப்பானா என்று அவருக்குத் துக்கமாக வந்தது.

அவள் துப்பட்டாவை இறக்கினாள். சுவர்க் கண்ணாடியில் தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கும் இவ்வளவு கொறஞ்சிருக்குண்ணா" என்றாள் மெதுவாக. "இத நான் ஒண்ணுமே இல்லன்னு நெனச்சிட்டேன்."

பிறகு ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மொதல்ல இந்தப் பன்னெண்டையும் டாக்டருக்கு அனுப்புங்க. நான் பாக்கணும்."

அனுப்பினார்.

"இப்ப என்னை எடுங்க. தொடைக்காதீங்க. திங்கக்கிழம அங்க போகப்போறது இந்த மூஞ்சிதான்."