நாகவல்லியின் இரண்டு பீப்பாய்கள்

நாகவல்லியைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அதை மறைத்துவிட்டு அவள் கதையைச் சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். நகராட்சியில் நான் தட்டச்சர். 1996இல் கள்ளிக்குப்பத்தில் அவள் நடத்திவந்த கொட்டகையைப் பிரிக்க உத்தரவு அடித்து வைத்ததும் நான்தான். தொழிற்பேட்டையின் அட்டைப்பெட்டிகளை அவளும் நான்கு பெண்களும் அங்கே தரம் பிரித்து, காகித ஆலைக்கு அனுப்பிவந்தார்கள். இனி எல்லாவற்றையும் குப்பைக்குழியில் கொட்டி மூடிவிடலாம் என்பது அதிகாரியின் முடிவு.

புதைத்த அட்டை மக்கினால் சாண எரிவாயு மாதிரி ஒன்று கிளம்பும், அது பூமியைச் சூடாக்கும் என்று அவள் வாதாடினாள். பெட்டிக்குள் கிடந்த பழைய செய்தித்தாளில் படித்தாளாம். கண்ணுக்குத் தெரியாததை நம்பிக் கொட்டகையை விட்டுவைக்க முடியாது என்றார் அதிகாரி.

"அளந்து காட்றேன் சார். ரெண்டு மாசம் குடுங்க. அதுவரிக்கும் கொட்டாய்ல கைய வெக்காதீங்க."

இரண்டு பீப்பாய். இரண்டிலும் ஒரே எடை சமையல் கழிவும் சாணிக்கரைசலும். ஒன்றில் மட்டும் கூடுதலாக ஐந்து கிலோ கிழித்த அட்டை. மூடியை இறுக்கி, மேலே சைக்கிள் ட்யூப் மாட்டினாள். ட்யூப் ஊதும்போதெல்லாம் காலி செய்து, பீப்பாயில் ஒரு கோடு போடுவது என்று ஏற்பாடு. பதினைந்து நாளாகியும் இரண்டு ட்யூபும் செத்த பாம்பாகக் கிடந்தன. போகிறவன் வருகிறவனெல்லாம் பஞ்சர் ஒட்டித் தரட்டுமா என்று கேட்டான். முதலில் கேட்டவன் நான், பாவி.

பிறகுதான் அவளுக்கே உறைத்தது. துப்புரவு வேலை பார்த்த பழக்கத்தில், நாறக்கூடாதென்று பீப்பாய்க்குள் பிளீச்சிங் பவுடரைத் தூவியிருந்தாள். மக்கவைக்கும் கிருமியெல்லாம் செத்துப்போயிருந்தன. தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாளே கழுவிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். மிச்சம் நாற்பத்தைந்து நாள். நாற்றம் தாங்காமல் தெருவே சண்டைக்கு வந்தது, அவள் அசையவில்லை.

கெடு முடிந்த காலையில், ஊதிய ட்யூபைத் தோளில் மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தாள். அட்டை இல்லாததற்குப் பதினொரு கோடு, அட்டை போட்டதற்குப் பத்தொன்பது. வாசலில் நின்று ட்யூபின் வாயைத் திறந்து தீக்குச்சி கிழித்தாள். நீலமாக எரிந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஐந்து கிலோவுக்கு எட்டு ட்யூப் என்று முணுமுணுத்த அதிகாரி, கொட்டகையிலிருந்து தினம் எவ்வளவு அட்டை போகிறது என்று கேட்டார்.

"இருநூறு கிலோ சார். அப்போ முந்நூத்தி இருவது ட்யூபு. தெனமும். நாங்க தான் நிறுத்திக்கினு கீறோம்."

அதிகாரி என்னிடம் திரும்பி, அந்த உத்தரவைக் கிழித்துவிடச் சொன்னார். கிழித்துக் குப்பைக்கூடையில் போடப் போனேன்.

நாகவல்லி கையை நீட்டினாள்.

"அத்தயும் பொதைக்கப் போறியாண்ணா? இங்க குடு."